மாகாணத்துக்கு மாகாணம் உணவு: வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேம் செய்வோருக்கான கேள்வி-பதில்

கேம் எழுதுவோர், இருக்கும் கேமுக்கு மாட் (மாற்றியமைப்பு) செய்வோர், அட்டையில் போர்டு கேம் வடிவமைப்போர் என எல்லாரும் உணவுக் கணக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. எடுத்துக்காட்டு மேப் ரோமானிய மத்தியதரைக் கடல். எண்ணோடு கூடிய சான்றுகள் நிறையக் கிடைக்கும் களம் அது. எது வரலாற்று எண், எது கேமுக்காக வைத்துக்கொண்ட எண் என்பது அந்தந்த இடத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே உணவு எண் போதாதா? மாகாணம் மாகாணமாகப் பிரிப்பதால் என்ன லாபம்?

உங்கள் கேம் போர்க்களத்தைப் பற்றியது, உணவு பின்னணியில் இருந்தால் போதும் என்றால் ஒரே எண் போதும். ஷோகன் 2 (2011) என்ற ஜப்பானியப் போர் கேம் அப்படித்தான் நடந்தது. கோட்டையையும் சந்தையையும் மேம்படுத்தினால் குலத்தின் பொது அரிசிக் கையிருப்பு குறையும், மிச்சம் இருந்தால் ஊர்கள் எல்லாம் வளரும். கியூஷுவில் விளைந்த அரிசி அதே பருவத்தில் ஹோன்ஷுவின் வடகோடிக் கோட்டைக்குச் சோறாகிவிடும். நடுவில் எதிரி நின்றாலும் கவலையில்லை.

சிவிலைசேஷன் 6-ல் (2016) கணக்கு நகரத்துக்கு நகரம் தனி, ஒரு குடிமகனுக்கு 2 உணவு. ஆனால் உள்நாட்டு வணிகப் பாதை போட்டால் பாதை கிளம்பும் நகரத்துக்கு உணவு கூடும், போய்ச் சேரும் நகரத்தில் குறையாது. உணவு வெறும் காற்றிலிருந்து வருகிறது. ஆனோ 1800 (2019) இதைச் சரியாகச் செய்தது: தீவுக்குத் தீவு கிடங்கு தனி, கப்பல் போனால்தான் சரக்கு போகும். ஆனால் அங்கே வயல்கள் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் விளைந்துகொண்டிருக்கும். அறுவடை என்ற ஒன்றே கிடையாது.

இம்பரேட்டர்: ரோம் (2019) வெளியான சில மாதங்களில் வந்த புதுப்பிப்பு, மாகாணத்துக்கு ஒரு களஞ்சியம், படைக்குத் தனிக் கையிருப்பு என்று வைத்தது. இந்தப் பதில்கள் அந்த வழியில்தான் போகின்றன. உணவு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த ஊரில், எந்த மாதத்தில் இருக்கிறது என்பதுதான் வரலாற்றை நகர்த்தியது. மாகாணக் கணக்கு அதை விளையாட்டுக்குள் கொண்டுவருகிறது. அதற்காக அல்லாமல் வெறும் நுணுக்கத்துக்காகப் பிரிப்பதாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆடுபவருக்குத் தலைவலி மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு மாகாணத்துக்கு எத்தனை எண்கள் வைப்பது?

மூன்று: கையிருப்பு (டன்), மாதச் செலவு (டன்), வரும் அறுவடையின் மதிப்பீடு (டன்). நான்காவதாக ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்: "அறுவடை வரை தாங்குமா, எத்தனை மாதம் இடிக்கும்?" கோதுமை, பார்லி, எண்ணெய், மீன் என்று தனித்தனியாகப் பிரிக்கத் தொடங்கினால் நாற்பது மாகாண மேப்பில் 480 எண்கள் வந்து நிற்கும். தானியம் மட்டும் போதும். மற்றவற்றை மாதச் செலவில் ஒரு தள்ளுபடியாக வையுங்கள்: மீன்பிடி மாகாணத்தில் ஆளுக்கு 20 கிலோவுக்குப் பதில் 17 கிலோ என்பது போல.

ஒரு ஆளுக்கு எவ்வளவு?

ரோமானியக் காலாள் வீரனுக்கு மாதம் மூன்றில் இரண்டு மெடிம்னஸ் (கிரேக்கத் தானிய அளவு) கோதுமை என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். அது ஏறத்தாழ 4 மோடியஸ் (ரோமானியத் தானிய அளவு), அதாவது 27 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நாளுக்கு 0.9 கிலோ. குதிரை வீரனுக்கு 2 மெடிம்னஸ் கோதுமையும் 7 மெடிம்னஸ் பார்லியும், பார்லி குதிரைக்கு. ரோம் நகரில் இலவசத் தானியம் பெற்றவர்களுக்கு மாதம் 5 மோடியஸ்.

குழந்தை, முதியவர் எல்லாம் சேர்ந்த சராசரிக்கு மாதம் 20 கிலோ, ஆண்டுக்கு 240 கிலோ என்று வைத்துக்கொண்டால் கேமுக்குச் சரியாக இருக்கும். சுமை விலங்குக்கு நாளுக்கு 4.5 கிலோ தானியம், அதற்குமேல் மேய்ச்சல். மேய்ச்சல் இல்லாத இடத்தில் சுமந்து போக வேண்டிய தீவனம் இரட்டிப்பாகி 9 கிலோவாகிவிடும். பல கேம்கள் வீரர்களை எண்ணிவிட்டு விலங்குகளை மறந்துவிடுகின்றன. 10,000 பேர், 2,000 விலங்குகள் கொண்ட படையில் வீரர்களும் விலங்குகளும் நாளுக்குச் சரிபாதி தின்னும்: 9 டன், 9 டன்.

விளைச்சலை எப்படிக் கணக்கிடுவது? நிலவளம் பெருக்கல் மக்கள்தொகை போதுமா?

போதாது. விதை இருக்கிறது. மகசூலை "ஒரு மோடியஸ் விதைத்தால் எத்தனை மோடியஸ்" என்றுதான் அக்காலத்தில் சொன்னார்கள். இத்தாலியின் பெரும்பகுதியில் நான்கு மடங்கு கிடைத்தாலே அரிது என்று ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா சலித்துக்கொள்கிறார். சிசிலியின் லியோண்டினி வட்டாரத்தில் எட்டு மடங்கு, எல்லாம் கூடிவந்தால் பத்து என்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ.

நான்கு மடங்கு நிலத்தில் கண்டுமுதலில் கால் பங்கு அடுத்த விதைப்புக்குப் போய்விடும், தின்ன மூன்று பங்கு. ஒரு ஆண்டு விளைச்சல் பாதியானால் கிடைப்பது இரண்டு, விதைக்கு ஒன்று, தின்ன ஒன்று. விளைச்சல் 50% விழுந்தது, சோறு 67% விழுந்தது. பத்து மடங்கு நிலத்தில் அதே பாதி விளைச்சலில் தின்பது ஒன்பதிலிருந்து நான்காகும், 56% இழப்பு. ஏழை நிலம் பஞ்சத்தில் முதலில் விழுவது இதனால்தான். இதற்கென்று தனியாக "பஞ்ச அபாய" எண் எதுவும் எழுத வேண்டாம். விதையைக் கழித்தால் தானாக வந்துவிடும்.

சிசிலியை வைத்து முழுக்கணக்கு ஒன்று. சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ் மீதான வழக்கில் சிசரோ தரும் எண்களின்படி ஒரு தசமபாக வரி 30 லட்சம் மோடியஸ், 20,000 டன். பத்தில் ஒன்று அது என்றால் மொத்தம் 2,00,000 டன். மகசூல் எட்டு மடங்கு, மக்கள்தொகை 6 லட்சம் என்று கேமுக்காக வைத்துக்கொள்வோம்.

கண்டுமுதல் 2,00,000. விதை 25,000. மக்கள் தின்பது 1,44,000. மிச்சம் 31,000. அதில் ரோமுக்கு 20,000. உள்ளூர் வியாபாரிக்கு 11,000.

விளைச்சல் 30% குறைந்த ஆண்டு: கண்டுமுதல் 1,40,000. விதை அதே 25,000. தின்பது அதே 1,44,000. இப்போது 29,000 டன் பற்றாக்குறை. ரோம் அந்த ஆண்டிலும் 14,000 டன் தசமபாகம் கேட்கும். வாங்குவதா, தள்ளுபடி செய்வதா என்பது ஆடுபவர் எடுக்க வேண்டிய உண்மையான முடிவு. அந்தப் பொத்தான் கட்டாயம் இருக்கட்டும்.

விதைத் தானியத்தைத் தின்னவும் அனுமதியுங்கள். இந்த மாதம் சாவு குறையும், அடுத்த ஆண்டு விதைப்புப் பரப்பு அதே விகிதத்தில் சுருங்கும். இரண்டாண்டுப் பஞ்சம் எப்படி உருவாகிறது என்பதை ஆடுபவர் தன் கையால் செய்து தெரிந்துகொள்வார்.

நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு: பகடை உருட்டினால் போதுமா?

மாகாணத்துக்கு ஒரு பகடை என்று உருட்டினால் அடுத்தடுத்த மாகாணங்களில் ஒன்று செழிக்கும், ஒன்று வாடும். எப்போதும் பக்கத்து வீட்டில் கடன் கிடைக்கும். மழை அப்படிப் பெய்வதில்லை. மேப்பை நான்கைந்து வானிலை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு பெரிய பகடை, மாகாணத்துக்கு ஒரு சிறிய பகடை என்று உருட்டுங்கள். இரண்டுக்கும் 70:30 எடை கொடுத்தால் நன்றாக இருக்கிறது.

எகிப்து தனி. அதற்கு மத்தியதரை மழையோடு தொடர்பில்லை, நைல் வெள்ளம்தான் எல்லாம். ரோமானிய எழுத்தாளர் பிளினி அதற்கு அளவே எழுதி வைத்திருக்கிறார்: வெள்ளம் 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றாலும் பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். கேம் வடிவமைப்பாளருக்கு இதைவிட ஆயத்தமான அட்டவணை கிடைக்காது. வெள்ள அளவு அறுவடைக்குப் பல மாதம் முன்பே தெரிந்துவிடும் என்பது இன்னொரு வசதி. எகிப்தை வைத்திருப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே அறிவிப்பு கொடுங்கள், மற்றவர்கள் வதந்தியை நம்பட்டும்.

அறுவடையை எந்த டர்னில் போடுவது?

ஒரு டர்ன் (ஆடும் சுற்று) ஒரு மாதம் என்றால் எகிப்துக்கு ஏப்ரல்–மே, சிசிலிக்கும் தெற்கு இத்தாலிக்கும் ஜூன், வடக்கே ஜூலை. ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகக் கையிருப்பில் சேர வேண்டும். பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் சேர்ப்பதுதான் இந்த மெக்கானிக்கை (கேம் விதிமுறையை) கொல்லும் மிகப் பொதுவான தவறு. அப்படிச் செய்தால் மே மாதமும் செப்டம்பரும் ஒன்றாகிவிடும், படை கிளம்ப நல்ல காலம் கெட்ட காலம் என்பதே இராது.

ஆண்டு டர்ன் என்றால் பருவத்தைக் காட்ட வழியில்லை. படையெடுப்பு அறுவடைக்கு முன்பா பின்பா என்று ஒரே ஒரு தேர்வை மட்டும் கொடுங்கள்.

தானியத்தை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் எவ்வளவு போய்ச் சேரும்?

நிலவழியில் சுமப்பவர்களே தின்றுவிடுகிறார்கள். கோவேறு கழுதை ஒன்று 100 கிலோ சுமக்கும், நாளுக்கு 4.5 கிலோ தானியம் தின்னும். மூன்று கழுதைக்கு ஒரு ஓட்டுநர் என்றால் அவர் பங்கு 0.3 கிலோ. ஆக நாளுக்கு 4.8. நாளுக்கு 30 கிலோமீட்டர் நடை, திரும்பி வரவும் தீவனம் வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 32 கிலோ செலவு, 68 கிலோ போய்ச் சேரும். 200 கிலோமீட்டருக்கு 36 கிலோ. 300 கிலோமீட்டருக்கு 4 கிலோ. அதோடு முடிந்தது. மேய்ச்சல் இல்லாத வறண்ட நாட்டில் எல்லை 160 கிலோமீட்டர்தான்.

இதை எழுதும்போது நடக்கும் பிழை ஒன்று உண்டு. "மாகாண எல்லை ஒன்றைக் கடந்தால் 30% இழப்பு" என்று பெருக்கல் கணக்காக எழுதுகிறார்கள். மூன்று எல்லைக்குப் பிறகு 34% மிஞ்சும், ஐந்துக்குப் பிறகு 17%. எவ்வளவு தொலைவானாலும் கொஞ்சம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆடுபவர் பெரிய மாகாணத்திலிருந்து மொத்தமாகத் தள்ளிவிடுவார். கழித்தல் கணக்காக எழுதுங்கள்: ஏற்றிய சுமையில் எல்லைக்கு 30 புள்ளி போகும், நான்காவது எல்லையைத் தாண்டாது.

வழியில் தீவனம் விலைக்கு வாங்கினால் தொலைவு கூடும், செலவு பணமாக மாறும். கி.பி. 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணை 1,200 ராத்தல் வண்டிச் சுமைக்கு மைலுக்கு 20 தினாரியஸ் (ரோமானியக் காசு) என்கிறது, கோதுமைக்கு ஒரு படை மோடியஸ் 100 தினாரியஸ். அந்த மோடியஸ் எவ்வளவு பெரியது என்று எடுத்துக்கொள்வதைப் பொறுத்து, 200 முதல் 300 ரோமானிய மைலுக்குள் கோதுமையின் விலை இரட்டிப்பாகும். அதே ஆணையில் அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குக் கப்பல் கூலி மோடியஸுக்கு 16 தினாரியஸ்தான். கடல் முழுக்கத் தாண்டினாலும் விலையில் 16% மட்டுமே ஏறுகிறது.

கடல், ஆறு, சாலை மூன்றுக்கும் 1 : 5 : 28 என்ற விகிதம் ஆய்வாளர்களிடையே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. கேமில் 100 கிலோமீட்டருக்கு சாலை 30 புள்ளி, ஆறு 6, கடல் 1 என்று வையுங்கள். கூடவே துறைமுகத்தில் ஏற்ற, இறக்க நிலையான 5 புள்ளி. அது இல்லாவிட்டால் கரையோரமாக 50 கிலோமீட்டருக்குக்கூட எல்லாரும் கப்பலையே பிடிப்பார்கள்.

இந்த ஒரு கணக்கைச் சரியாக எழுதிவிட்டால் கடற்கரை நகரங்கள் ஏன் பெருத்தன, உள்நாட்டு ஊர் ஏன் பக்கத்தில் தானியம் இருந்தும் பட்டினி கிடந்தது என்பதற்கெல்லாம் தனி விதி எழுத வேண்டியதில்லை.

கடல் எல்லா மாதமும் திறந்திருக்குமா?

இல்லை. மே 27 முதல் செப்டம்பர் 14 வரை பாதுகாப்பான காலம், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடல் என்கிறார் ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ். நடுவிலுள்ள மாதங்களில் துணிந்தவர் போகலாம். மூடிய மாதத்தில் கப்பலை முற்றிலும் தடுக்காதீர்கள், மூழ்கும் வாய்ப்பைக் கூட்டுங்கள். குளிர்காலத்தில் தானியம் கொண்டுவரும் கப்பல்காரர்களுக்குப் புயல் நட்டத்தை அரசே ஏற்பதாகப் பேரரசர் கிளாடியஸ் அறிவித்தார். அதையே ஒரு சட்டமாகக் கேமில் வைக்கலாம்: கருவூலத்துக்குச் செலவு, குளிர்காலத்தில் கப்பல் ஓடும்.

காற்றின் திசையும் சேர்ந்தால் நன்று. அலெக்சாந்திரியா போகும் கப்பலுக்குக் கோடைக் காற்று பின்னாலிருந்து தள்ளும், இரண்டு மூன்று வாரத்தில் சேரலாம். தானியத்தோடு ரோமுக்குத் திரும்புவது எதிர்க்காற்றில், ஒன்றிரண்டு மாதம். ஆகவே பருவத்துக்கு ஒரு நடை, மிஞ்சினால் இரண்டு.

இடைக்களஞ்சியம் இந்த எண்ணை மாற்றும். கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகும் எகிப்தியக் கப்பல்கள் ஹெலஸ்பாண்ட் நீரிணை வாயிலில் காற்றுக்காகக் காத்துக் கிடந்தன. பேரரசர் ஜஸ்டினியன் அந்த வாயிலருகே டெனெடோஸ் தீவில் பெரிய களஞ்சியம் கட்டினார். கப்பல் அங்கே இறக்கிவிட்டு உடனே திரும்பும், மீதித் தொலைவுக்கு வேறு படகுகள். கேமில் இப்படி ஒரு கட்டடம் வைத்தால் அது உணவை "உற்பத்தி" செய்யக் கூடாது. அதே கப்பலுக்குக் கூடுதலாக ஒரு நடை கொடுத்தால் போதும்.

படை நிற்கும் மாகாணத்தில் என்ன ஆகும்?

யூரோபா யுனிவர்சாலிஸ் 4 என்ற கேமில் மாகாணத்துக்கு ஒரு தாங்கும் வரம்பு உண்டு, படை அதை மீறினால் தேய்மானம், இயல்பான உச்சம் மாதத்துக்கு 5%. எளிமையானது, வேலை செய்கிறது. ஆனால் அது வேகம் மட்டுமே, கையிருப்பு இல்லை. முந்தைய ஆண்டு முழுக்க ஒரு படை தின்று தீர்த்த மாகாணமும் யாரும் தொடாத மாகாணமும் களஞ்சியத்தால் வேறுபடுவதில்லை.

கையிருப்பு முறையில் கணக்கு இப்படி. சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் வாழும் நாட்டில் அறுவடை முடிந்ததும் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் இருக்கும். வேகமாகக் கைப்பற்ற முடிவது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 1 டன். மேலே சொன்ன 10,000 பேர் படை நாளுக்கு 18 டன் தின்னும், அதாவது 18 சதுர கிலோமீட்டர். ஒரே இடத்தில் 30 நாள் நின்றால் 540 சதுர கிலோமீட்டர், ஆரம் 13 கிலோமீட்டர். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

அதே படை ஏப்ரல் இறுதியில் வந்தால்? ஊரில் இரண்டு மாதச் சோறுதான் மிச்சம், ஆறில் ஒரு பங்கு. அதே 30 நாளுக்கு 3,240 சதுர கிலோமீட்டர் வேண்டும், ஆரம் 32 கிலோமீட்டர். தானியம் தேடிப் போகும் கூட்டம் ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது, பிரிந்து பிரிந்து போனால் எதிரிக் குதிரைப்படை ஒவ்வொன்றாக அறுக்கும். ஆகவே ஏப்ரலில் வந்த படை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அல்லது கப்பல் வர வேண்டும்.

கேம் விதியாக: படை முதலில் தன் மூட்டையிலிருந்து தின்னும் (வீரன் தோளில் 10 நாள், வண்டிகள் சேர்த்தால் 30 நாள் என்று வைக்கலாம்), மாகாணக் கையிருப்பிலிருந்து மூட்டையை நிரப்பிக்கொள்ளும். நட்பு மாகாணத்தில் பணம் கொடுத்து, எதிரி மாகாணத்தில் பறித்து. பறித்த தானியம் மக்கள் கணக்கிலிருந்து கழிய வேண்டும். இந்த வரியை விட்டுவிடுபவர்கள் அதிகம். விட்டால் படையெடுப்புக்குப் பின் பஞ்சம் என்பதே வராது.

முற்றுகையில் யார் முதலில் பட்டினி?

பல நேரம் முற்றுகை இடுபவர்தான். 10,000 பேர் வாழும் ஊர் மாதம் 200 டன் தின்னும். வெளியே 20,000 வீரர், 4,000 விலங்குகள் என்றால் மாதம் 1,080 டன். சீசர் முற்றுகையிட்ட அலேசியாவில் (கி.மு. 52) உள்ளே இருந்த 80,000 பேருக்கு 30 நாள் உணவுதான் இருந்தது என்கிறார் சீசர். போரிட முடியாத ஊர்க்காரர்களை வெளியே அனுப்பினார்கள், சீசர் ஏற்க மறுத்தார். அந்தத் தேர்வு இரு தரப்புக்கும் கேமில் இருக்க வேண்டும்: வெளியேற்றுவதா, வெளியேறியவரை விடுவதா.

விலையும் பதுக்கலும் தேவையா, சிக்கலாகிவிடாதா?

ஒரே ஒரு பிரிவினை போதும்: மாகாணக் கையிருப்பை அரசுக் களஞ்சியம், தனியார் களஞ்சியம் என்று இரண்டாக்குங்கள். அடுத்த அறுவடை மதிப்பீடு மோசம் என்றால் தனியார் பாதியைப் பூட்டி வைப்பார்கள். கையிருப்பு இருக்கும், சந்தையில் இராது.

கி.பி. 92–93 வாக்கில் பிசிடியாவின் (இன்றைய துருக்கியில்) அந்தியோக்கியாவில் நடந்தது இதுதான். கடுங்குளிருக்குப் பின் தானியம் கிடைக்கவில்லை. ஆளுநர் அந்திஸ்தியஸ் ருஸ்திகஸ் ஆணை பிறப்பித்தார்: ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள தானியத்தை 30 நாளுக்குள் சொல்ல வேண்டும், விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வேண்டியது போக மீதியை ஊருக்கு விற்க வேண்டும், முன்பு 8, 9 அஸ் (சிறு காசு) விற்ற மோடியஸுக்கு இனி 1 தினாரியஸுக்கு (16 அஸ்) மேல் வாங்கக் கூடாது. விலையை அவர் அடக்கவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பாக விட்டு அங்கே நிறுத்தினார். பூட்டிய தானியம் வெளியே வர அந்த லாபம் வேண்டும் என்று தெரிந்தவர்.

கேமில் விலைக் கட்டுப்பாட்டை இயல்பு விலையிலேயே போட்டால் வியாபாரிக் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பட்டும். கி.பி. 19-ல் பேரரசர் திபேரியஸ் ரோமில் விலையைக் கட்டியபோது வியாபாரிக்கு மோடியஸுக்கு 2 செஸ்டர்ஸ் (அரைத் தினாரியஸ்) அரசே கொடுத்தது. அது மூன்றாவது வழி, கருவூலத்தில் பணம் இருப்பவருக்கு.

பஞ்சம் வந்தால் உடனே ஆட்களைக் குறைத்துவிடலாமா?

கூடாது. சாவு கடைசிப் படி. கையிருப்பு அறுவடை வரை தாங்காது என்று தெரிந்ததும் முதலில் விலை ஏறும், அடுத்து கிராமத்தார் களஞ்சியமுள்ள நகரத்துக்கு நடப்பார்கள், பிறகு நகரத்தில் கலகம், அப்புறம் நோய், பிறகுதான் சாவு. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாத இடைவெளி விடுங்கள். ஆடுபவர் ஏதாவது செய்யக் கால அவகாசம் அதுதான். கி.பி. 6-ல் ரோமில் பேரரசர் அகஸ்டஸ் கிளாடியேட்டர்களையும் விற்பனைக்கு இருந்த அடிமைகளையும் நகரத்திலிருந்து 100 மைலுக்கு அப்பால் அனுப்பினார். நகரத்தின் வாய்களைக் குறைக்கும் அந்த ஆணையும் பட்டியலில் இருக்கட்டும்.

சோதனை ஓட்டத்தில் தானியம் இரண்டு மாகாணங்களுக்கு இடையே போய்ப் போய் வருகிறது. ஏன்?

அனுப்பும் வரம்பும் பெறும் வரம்பும் ஒன்றாக இருப்பதால். அ-வில் கொஞ்சம் கூடினால் ஆ-வுக்குப் போகும், அடுத்த மாதம் ஆ-வில் கூடித் திரும்பி வரும், ஒவ்வொரு நடையிலும் 30 புள்ளி கழுதை வயிற்றுக்கு. அறுவடை வரையிலான தேவைக்கு மேல் 2 மாதம் மிச்சம் இருந்தால் மட்டும் அனுப்பட்டும், தேவைக்குக் கீழே போனால் மட்டும் பெறட்டும். நடுவில் இருப்பவர் சும்மா இருக்கட்டும்.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கும். மாகாணங்களை வரிசை எண்படி ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் 1-ஆம் எண் மாகாணத்துக்கு எப்போதும் முதல் பந்தி. எல்லா அனுப்பீடுகளையும் மாதத் தொடக்கக் கையிருப்பை வைத்துக் கணக்கிட்டு, பிறகு ஒரே நேரத்தில் செயல்படுத்துங்கள். மாத வரிசை: அறுவடை, விதை ஒதுக்கீடு, வரி, மக்கள் உண்பது, படை உண்பது, போக்குவரத்து, கடைசியில் புழு, ஈரச் சேதம். போக்குவரத்தை உண்பதற்கு முன்னால் வைத்தால் ஆடுபவர் தெரியாமலே சொந்த மக்களைப் பட்டினி போடுவார்.

ஏ.ஐ. (கணினி ஆடும் எதிரி) ஏன் தன் படையைத் தானே பட்டினி போட்டுக் கொல்கிறது?

அது பாதையைத் தொலைவால் மட்டும் அளக்கிறது. கிளம்பும் முன் "போய்ச் சேரும் மாதத்தில் அங்கே எவ்வளவு இருக்கும்" என்று பார்க்க வேண்டும், இன்று எவ்வளவு என்றல்ல. இரண்டாவது காரணம், ஐந்து ஏ.ஐ. படைகள் ஒரே செழிப்பான மாகாணத்தைப் பார்த்து ஒரே டர்னில் கிளம்புவது. ஒரு படை குறிவைத்ததும் அதன் பங்கை அந்த மாகாணக் கணக்கில் முன்பதிவாகக் கழித்துவிடுங்கள். இரண்டு திருத்தமும் சேர்ந்து முப்பது நாற்பது வரிக்குள் அடங்கும்.

திரையில் எதைக் காட்டுவது?

எத்தனை டன் என்று காட்டாதீர்கள், எத்தனை நாள் தாங்கும் என்று காட்டுங்கள். கி.பி. 51-ல் ரோமில் 15 நாள் உணவுதான் மிச்சம் என்று தெரிந்தபோது கூட்டம் கிளாடியஸை மன்றத்தில் மடக்கியது. கி.பி. 70-ல் பேரரசர் வெஸ்பாசியனின் கப்பல்கள் வந்தபோது இருந்தது 10 நாள் உணவு. அரசர்களே அப்படித்தான் கணக்கு வைத்தார்கள். மேப்பில் பச்சை என்றால் அறுவடை வரை தாங்கும், மஞ்சள் என்றால் ஒரு மாதம் இடிக்கும், சிவப்பு என்றால் அதற்கு மேல். மீதி எண்கள் மாகாணத்தைத் தட்டினால் வந்தால் போதும்.

சோழர் கால மேப்புக்கு இதே கணக்கு பொருந்துமா?

எலும்புக்கூடு பொருந்தும், நான்கு எண்கள் மாறும். நெல்லின் விதை மடங்கு கோதுமையைவிட மிக அதிகம். ஆகவே கெட்ட ஆண்டின் அடி மென்மையாக இருக்கும். கார், பசானம் என்று இரு போகம் உள்ள இடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கையிருப்பு ஏறும். அபாயம் மழையைவிட நீர்ப்பாசனத்தில் இருக்கிறது. கரை உடைந்தால் அந்த வாய்க்கால் பாயும் வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் விழும், எனவே வானிலை வட்டாரத்துக்குப் பதில் பாசன வட்டாரம் பிரியுங்கள். வங்கக் கடலில் கப்பலுக்குத் தடை வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில்.

நெல்லாகச் சேமித்தால் நீண்ட நாள் நிற்கும், ஆனால் உமியும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அரிசியாகக் குத்தினால் சுமை மூன்றில் இரண்டாகும், சீக்கிரம் கெடும். தஞ்சைக் கல்வெட்டுகள் ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்று அளவில் கணக்கு வைக்கின்றன. களஞ்சியத்தில் நெல், படையோடு அரிசி என்று இரண்டு வடிவம் வைத்தால் குத்துவதற்கான ஆளும் நாளும் ஒரு செலவாக வந்து சேரும். அளவுக்குக் கலம் வையுங்கள் (2 குறுணி 1 பதக்கு, 2 பதக்கு 1 தூணி, 3 தூணி 1 கலம்). ஆனால் குறுணியை அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. உள்ளே கிலோவில் கணக்கிட்டுத் திரையில் மட்டும் கலமாகக் காட்டுங்கள்.

எண்கள் சரியாக அமைந்தனவா என்று எப்படிச் சோதிப்பது?

ரோம் நகரை வைத்து மூன்று ஓட்டம். முதலாவதில் எதையும் தொடாமல் 50 ஆண்டு ஓடவிடுங்கள். அகஸ்டஸ் காலத்தில் இலவசத் தானியம் பெறுநர் 2 லட்சம், மாதம் 5 மோடியஸ், ஆண்டுக்கு 1.2 கோடி மோடியஸ், அதாவது 80,000 டன். அந்தத் தானம் மட்டுமாவது தடையின்றி வந்து சேர வேண்டும். 50 ஆண்டில் ஐந்தாறு முறை மஞ்சள் வரலாம், சிவப்பு ஒன்றிரண்டு முறை. ஒருமுறைகூட மஞ்சள் வரவில்லையென்றால் பகடை மென்மை.

இரண்டாவதில் எகிப்தை ஜூன் மாதம் துண்டியுங்கள். அடுத்த வசந்தத்துக்குள் ரோம் சிவப்பாக வேண்டும், ஆனால் ஆப்பிரிக்காவும் சிசிலியும் இருக்கும்வரை காலியாகக் கூடாது. காலியானால் ஆப்பிரிக்காவின் மிச்சத்தைக் குறைவாக வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவதில் கடலை முழுக்க மூடுங்கள், உள்நாட்டுப் போரில் செக்ஸ்டஸ் பொம்பேயின் கப்பல்கள் கி.மு. 40 வாக்கில் செய்ததுபோல. இத்தாலிக்குள்ளிருந்து சாலைவழியே ரோமைக் காப்பாற்ற முடிந்துவிட்டால், கழித்தல் கணக்கு எங்கோ பெருக்கலாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.